அனுஜன் வெட்டிய வரி

ஹம், ஜேர்மனி, 12.06.2004

அன்புள்ள மகாதேவிக்கு,

நானும் மகனும் நல்ல சுகம். நீர் ஊரில் நின்று பார்க்கிற மாமாவுக்குக் கால்வீக்கம் இறங்கிவிட்டதா?

அனுஜன் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பம் எழுதினான். பள்ளிக்கு வெளியே என்னென்ன செய்தாய் என்று கேட்டிருந்தார்கள். முதலில் எழுதிய தாளில் நீச்சலும் தமிழ்ப் பள்ளியில் படிப்பித்ததும் இருந்தன. கீழே ஒரு வரியை வெட்டியிருந்தான். உற்றுப் பார்த்து வாசித்தேன். மார்கழியில் பந்தாட்டப் போட்டி என்று மூன்று நாள் போனானே, நீரும் புட்டுக் கட்டிக் கொடுத்தீர். அது ஆஸ்பத்திரிக்காம். முகமறியாத ஒரு நோயாளிப் பெண்ணுக்குத் தன் எலும்பு மஜ்ஜையைக் கொடுத்திருக்கிறான். பயப்படாதேயும், இப்போது ஓடித் திரிகிறான்.

"ஏன்ரா வெட்டினனி? இதுக்கே இடம் தருவாங்கள்" என்றேன்.

"அது இடம் எடுக்கச் செய்ததில்லை அப்பா. அந்த அம்மா பிழைச்சாவோ எண்டும் எனக்குத் தெரியாது."

இவன் நம்முடைய பிள்ளைதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வரி இல்லாமலே விண்ணப்பம் போய்விட்டது.

மறுநாள் நானும் மஜ்ஜை கொடுக்கப் பெயர் பதியப் போனேன். வயது கூடிவிட்டதென்று அனுப்பிவிட்டார்கள்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, வருகிறவர்களிடம் கொடுத்துவிடும். தேங்காய்ப்பால் திரையாமல் சொதி எப்படி வைப்பீர் என்றும் எழுதும். நான் வைப்பது தினமும் திரைகிறது, அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறான்.

வேலைக்குப் போகிற பஸ் வரும் நேரம்.

உமது
தங்கராசா