வராந்தாவில் ஓடியவள்

மார்ச் 4

அன்புள்ள வாண்டு அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் சொன்னால் பாதியிலேயே சத்தம் போடுவீர்கள்; அதனால்தான் எழுதுகிறேன்.

வாண்டுவைச் செக்கப்புக்குக் கூட்டிப்போனேன். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றேன். முகத்தில் மாஸ்க் மாட்டி, நின்ற இடத்திலேயே ஓடும் சைக்கிளை மிதிக்கவைத்துப் பார்த்தார்கள். "ஆபரேஷன் பண்ணின இதயம் நல்லாத்தான் வேலை செய்யுதும்மா. நீங்கதான் ஒன்பது வருஷமா உட்காரவெச்சே வளத்துட்டீங்க. கால்ல தெம்பே இல்ல" என்றார் டாக்டர்.

பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியிலேயே உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது. சேர்த்துவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாண்டு அம்மா


மார்ச் 19

வாண்டு அம்மாவுக்கு,

கேட்காமல் செய்துவிட்டுக் கோபிக்காதே என்றால் என்ன அர்த்தம்? அவளை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனபோது நீ பிரசவ வார்டில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாய். கையெழுத்துப் போட்டவன் நான். உதடெல்லாம் நீலம் பாரித்து உள்ளே போனாள். உடம்பெல்லாம் குழாயோடு வெளியே வந்தாள். அதை நீ பார்க்கவில்லை.

என் பிள்ளை ஓட வேண்டாம், உயிரோடு இருந்தால் போதும். வகுப்பை நிறுத்து. அவளுக்கு ஒன்று ஆனால் உன்னோடு எனக்குப் பேச்சே இல்லை.

வாண்டு அப்பா


ஏப்ரல் 6

அன்புள்ள வாண்டு அப்பாவுக்கு,

நீங்கள் பார்த்ததை நான் பார்க்கவில்லைதான். நான் பார்ப்பது வேறு. விளையாட்டு நேரத்தில் மற்றப் பிள்ளைகளின் பைகளுக்கு இவள் காவல். 'வாட்ச்மேன்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அதனால் நிறுத்தவில்லை. நெஞ்சில் வயர் ஒட்டி, விரலில் கிளிப் மாட்டித்தான் மிதிக்க விடுகிறார்கள். பயிற்சி கொடுக்கும் பெண் பக்கத்திலேயே நின்று பேச்சுக் கொடுக்கிறாள். தடங்கல் இல்லாமல் பேச முடிந்தால் மிதிக்கலாம். வார்த்தை திக்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நம் வாண்டு வாயை மூடினால்தானே! "இவ எப்பம்மா மூச்சு விடுவா?" என்று அந்தப் பெண்ணே கேட்டுவிட்டாள்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. நேற்று பாதியில் தலை சுற்றுகிறது என்றாள். டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினேன். டாக்டர் ஓடி வந்தார். காலையில் சாப்பிடாமல் தட்டை ஒளித்துவைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

வாண்டு அம்மா


ஜூன் 22

அன்புள்ள வாண்டு அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போனிலும் வாண்டுவோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அம்மாவிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டால், வேலை இருக்கிறது என்கிறீர்களாம்.

இன்று பள்ளியிலிருந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால், வராந்தாவில் ஓடி வந்து கணக்கு டீச்சர்மேல் மோதி, டீச்சரைக் கீழே தள்ளிவிட்டிருக்கிறாள்! "பொண்ணைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்றார் தலைமையாசிரியை. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

வாண்டு பயந்துபோய், "இனிமே ஓடவே மாட்டேம்மா" என்றாள்.

"வராந்தாவுல மட்டும் ஓடாதடி" என்றேன்.

இதற்காவது பதில் போடுங்கள்.

வாண்டு அம்மா


ஜூலை 3

என் அன்புக்குரியவளே,

டீச்சருக்கு அடி ஒன்றும் இல்லையே?

உன் கடிதத்தைக் கேன்டீனில் வைத்துப் படித்தேன். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர், "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். "ஆமா சார், பொண்ணு ஸ்கூல்ல ஓடுறாளாம், புகார் வந்திருக்கு" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

பயம் எனக்குப் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. அது என்னோடு இருக்கட்டும். அதை அவள் தலையில் இனிமேல் கட்டமாட்டேன். உன் தலையிலும்தான்.

அடுத்த மாதம் லீவு கிடைத்திருக்கிறது. வந்ததும் வகுப்புக்கு நான் கூட்டிப்போகிறேன். நீ வீட்டில் காலை நீட்டி உட்கார்.

ஏர்போர்ட்டுக்கு இரண்டு பேரும் வாருங்கள். கூட்டமாக இருக்கும், அவளைப் பத்திரமாகப் பிடித்துக்கொள். நான் வெளியே வருவது தெரிந்ததும் கையை விட்டுவிடு.

உன்,
வாண்டு அப்பா