பெரியவனுக்காக ஒரு வார்த்தை

உ
வல்லக்கோட்டை முருகன் துணை

படப்பை,
வெள்ளிக்கிழமை சாயங்காலம்

வியட்நாமில் ட்ரெயினிங்கில் இருக்கும் என் கண்ணு தேவிப்பிரியாவுக்கு, அத்தை இந்திராணி முருகன் படத்துக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. என்னால் அப்படி எழுத முடியவில்லை கண்ணு.

போனில் சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் முதலில் வருகிறது. எட்டாவது வரைக்கும் படித்ததில் பேனா பிடிக்கத் தெரியும், போனில் எழுத்து தட்டத் தெரியாது. அதனால் நோட்டில் எழுதுகிறேன். பக்கத்துப் போர்ஷன் இசக்கிசெல்வி ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுக்கும்போது மொத்தமும் வந்திருக்கும். ரோட்டில் நின்றுகொண்டு படிக்காதே. ரூமுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் படி.

முதலில் பெரிய பொய்யைச் சொல்லிவிடுகிறேன். நம் நாய் மைனா இல்லை. அவள் செத்து ஒன்றரை மாதமாகிறது. குட்டி போட்ட பதினேழாம் நாள், பால் வாங்கப் போகும்போது கேட்டைச் சாத்தாமல் போனது நான்தான். என் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள். மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரி. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீ வீடியோவில் "மைனாவக் காட்டு அத்த" என்று கேட்கும்போதெல்லாம் தூங்குகிறாள் என்றேன், சார்ஜ் இல்லை என்றேன். முருகா முருகா என்று சொல்லும் வாயால்தான் அத்தனையும் சொன்னேன்.

கண்கூடச் சரியாகத் திறக்காத மூன்று குட்டி. ஆட்டுப்பாலை இங்க் பில்லரில் எடுத்து மூன்று மணிக்கொரு தரம் ஊட்டினேன். வெந்நீரில் பஞ்சை நனைத்து வயிற்றைத் தடவினால்தான் ஒன்றுக்குப் போகும். உனக்குக்கூட நான் அவ்வளவு பார்த்ததில்லை. மூன்றும் பிழைத்தன. அதுவரைக்கும் நான் செய்தது சரி. அப்புறம் செய்ததுதான் தப்பு.

நீ கிளம்பும்போது பிரிட்ஜில் ஒரு பேப்பர் ஒட்டிவிட்டுப் போனாயே. மூன்றாவது வாரத்திலிருந்து குட்டிகளைத் தினம் நாலு பேர் கையில் கொடுக்க வேண்டும். ஆண், பெண், குழந்தை, கண்ணாடி போட்டவர், ஹெல்மெட் போட்டவர் எல்லாரும் தூக்க வேண்டும். குக்கர், மிக்சி, பைக் சத்தமெல்லாம் காதில் விழ வேண்டும் என்று. தினம் அதைப் படித்தேன். படித்துவிட்டு, ஒன்றுகூடச் செய்யவில்லை. தாய்க்குக் கண்ணேறு பட்டுவிட்டது, பிள்ளைகளுக்கும் பட்டுவிடும் என்று என் மனசில் விழுந்துவிட்டது. குழந்தை பிறந்தால் நாற்பது நாள் வெளி ஆள் கண்ணில் காட்ட மாட்டோம் இல்லையா, அதையே இதுகளுக்கும் செய்தேன். கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டி, பின்ரூமில் வைத்து ஜன்னலைச் சாத்திவிட்டேன். குட்டிகள் திடுக்கிடும் என்று மிக்சி போடவில்லை, குக்கர் வைக்கவில்லை, உலையில்தான் சோறு வடித்தேன். யாராவது கேட்டால் குட்டியெல்லாம் எப்பவோ போய்விட்டது என்றேன். ஒரு மாதம் என் புடவை ஒன்றுதான் அதுகளுக்கு உலகம். "வேற யாராச்சும் தூக்குறாங்களா?" என்று நீ கேட்டாய். "ஊரே தூக்குது" என்றேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம், நீ மெசேஜிலேயே ஏற்பாடு செய்திருந்தபடி காவேரி டீச்சர் வீட்டுக்குப் பெரியவனைக் கொடுத்தேன். காதில் வெள்ளைப் பொட்டு இருக்குமே, அவனை. இரண்டே நாள்தான். டீச்சர் புருஷன் ஷிப்ட் முடிந்து ஹெல்மெட்டும் ஷூவுமாக உள்ளே வந்திருக்கிறார். இவன் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டு வாஷிங் மெஷினுக்கு அடியில் பூந்துவிட்டான். அவர்கள் பெண் குழந்தை, ஆறு வயசு, கையை விட்டு இழுத்திருக்கிறாள். விரலைக் கடித்துவிட்டான். குழந்தைக்கு ஊசி போடும்போது நானும் ஆஸ்பத்திரியில் கூட நின்றேன். அவள் ஒரு சத்தம் போடவில்லை. "நான் இய்த்துட்டேன், அதான் பயந்துச்சு" என்று அவனுக்காகப் பேசினாள். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. டீச்சர் கோபப்படவில்லை. கூடையில் வைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மாடி வீட்டு ஓனர் பொன்னுரங்கம் காதுக்கு அது போகாமல் இருக்குமா? படியிலேயே நின்று கத்தினார். "இன்னாம்மா, நாய்ங்களே இல்லன்னு எங்கிட்டயே பொய் சொன்னியா? நாளைக்கு எம்பேரனக் கட்ச்சா யாரு பதில் சொல்றது? அடுத்த ஞாயித்துக்கெயம பத்து மணி. அதுக்கு மேல ஒரு குட்டி வூட்ல இருக்கக் கூடாது. ஆள் சொல்லிட்டேன், ஏரிக்கு அந்தாண்ட கொண்டுபோய் உட்ருவான்" என்றார். ஏரிக்கு அந்தாண்டை எப்படி என்று உனக்குத் தெரியும். கம்பெனி காம்பவுண்டும் முள்ளும் பெரிய நாய்க் கூட்டமும்தான். மனுஷக் காலைப் பார்த்தாலே ஒடுங்குகிற குட்டி அங்கே ஒரு பொழுதுகூடத் தாங்காது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நாளை மறுநாள் வருகிறது.

மறுநாளே மூன்றையும் கூடையில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் கண்ணப்பன் தடுப்பூசி போட்டார். மேஜைமேல் மூன்றும் ஒன்றன் அடியில் ஒன்று பூந்துகொண்டதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஜெயில்ல போட்டு வளத்தியா?" என்று கேட்டார். மனுஷரோடு பழகுகிற வயசு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, அதற்குள் நிறைய ஆளைக் காட்டு, ஆனால் அடுத்த ஊசிவரைக்கும் தரையில் விடாதே, மடியில் வைத்தே காட்டு என்றார்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் இரண்டரைக்குக் கூடையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன். கம்பெனி பஸ் ஷிப்டை இறக்கிவிடும் நேரம். அத்தனை சட்டை, அத்தனை ஷூ, அத்தனை சத்தம் வேறெங்கே கிடைக்கும்? டீக்கடை தசரதன் பெஞ்சைக் கொடுத்தான். கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பானா? "இன்னாக்கா, மூணுத்துக்கும் மாப்ள பாக்க வந்துகினியா? ஜாதகம் எட்தாந்தியா?" என்றான். "நீ மொதல்ல டீய சூடாக் குடுடா" என்றேன். இறங்குகிற பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டேன். ஒருவன் விலை கேட்டான். வெலைக்கில்ல கண்ணு, கையில ஒரு வாய் தயிர்சோறு வச்சு நீட்டு, அது போதும் என்றேன். எல்லாம் தெற்கத்திப் பிள்ளைகள், ஊரை விட்டு வந்து ரூமில் கிடக்கிறவர்கள். எட்டு மணி நேரம் நின்ற காலோடு அங்கேயே குந்தி உட்கார்ந்துவிடுவார்கள். "எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு பெரியம்மா, நான் போனா வாசல்லயே உருளும்லா" என்று ஒருவன் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கடைக்குட்டி மூன்றாம் நாளே தேறிவிட்டாள். நாலாம் நாள் செக்யூரிட்டி கொம்பையா மடியில் ஏறித் தூங்கினாள். அவர் அவளைக் கேட்டிருக்கிறார். நடுவுலவனைத் தசரதனே வைத்துக்கொள்கிறேன் என்றான். இரண்டுக்கும் வழி பிறந்துவிட்டது. கொடுப்பதற்கு முன்னால் இரண்டு வீட்டையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டேன்.

பெரியவனிடம்தான் இன்னொரு தப்பும் செய்துவிட்டேன். நாள் குறைகிறதே என்ற வெறியில், இரண்டாம் நாள் அவன் கத்தக் கத்த ஒரு பையன் மடியில் அமுக்கி வைத்தேன். அத்தோடு ஷூ சத்தம் கேட்டாலே கூடைக்குள் நடுங்க ஆரம்பித்துவிட்டான். என் கையைக்கூட ஒரு நாள் முழுக்க மோந்து மோந்து பார்த்தான். பாவி நான். இசக்கிசெல்விதான் என்னைத் திட்டினாள். "ஏத்தே, பயந்த புள்ளயப் புடிச்சு அமுக்குனா பயம் போவுமா? அதுவா வரட்டும், நீங்க செத்த சும்மா இருங்க" என்று சொல்லி அவள் அண்ணன் இசக்கிபாண்டியைக் கூட்டி வந்தாள். அந்தப் பையன் தினம் ஷிப்ட் முடித்து நம் பின்ரூமில் வந்து, குட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துவிடுகிறான். பின்பக்கமாகக் கையை நீட்டி, உள்ளங்கையில் அவித்த முட்டை. பெரியவனைப் பார்ப்பதும் இல்லை, கூப்பிடுவதும் இல்லை. மூன்று நாள் முட்டை அப்படியே இருந்தது. நேற்றுப் பெரியவன் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு ஓடினான். இன்றைக்கு அங்கேயே நின்று தின்றான். நான் கதவுக்கு வெளியே நின்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன்.

இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் அவன் மனுஷரோடு இருக்கிற நாயாகிவிடுவான் என்கிறார் டாக்டர். ஒரு மாதத்துக்கு எங்கே போவது? இசக்கிபாண்டி ஹாஸ்டலில் விட மாட்டார்கள். கடித்த குட்டி என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது, யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள்.

இன்றைக்குக் காலையில் ஓனர் காலிலேயே விழப் போனேன். தள்ளி நின்றுகொண்டார். "நீ சொல்றத நான் நம்ப மாட்டேம்மா. ஒரு தபா ஏமாத்திட்ட. அக்ரிமெண்ட்ல கையெயுத்துப் போட்டது உன் பொண்ணு. மூணு வருசமா கீய் வூட்ல கீது, எங்கையில ஒரு வார்த்த பேசுனதில்ல. என்னப் பாத்தா பேயப் பாத்தா மாரி உள்ள பூடுது. அது போன் பண்ணி, குட்டிக்கு நான் பொறுப்பு, கேட்டப் பூட்டி வப்பம்னு அது வாயால சொல்லட்டும். ஒரு மாசம் தரேன். மெசேஜு கிசேஜுலாம் வாணாம்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை கண்ணு. அவர் கேட்டது நியாயம்தான். உன்னிடம் போய் இதைக் கேட்க வைத்தேனே என்றுதான் என் தலையில் நானே அடித்துக்கொள்கிறேன்.

உங்கம்மா போனபோது உனக்கு மூன்று வயசு. தாயை முழுங்கின பிள்ளை என்று எவளோ துக்க வீட்டிலேயே சொன்னாள். அன்றைக்கே உன்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கன்வாடிக்கு அனுப்பவில்லை. கல்யாணம் காதுகுத்து என்று எதற்கும் கூட்டிப் போகவில்லை. யார் வந்தாலும் உள்ளே போ என்பேன், நீ போய்விடுவாய். எவ்வளவு அடக்கமான பெண் என்பார்கள், எனக்குப் பெருமையாக இருக்கும். கேஸ் சிலிண்டர்காரனுக்கும் பதில் சொன்னது நான்தான், உன் கம்பெனி சூப்பர்வைசர் போன் செய்தாலும் பேசினது நான்தான். அங்கே எல்லாரும் கேண்டீனில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், நீ தட்டை ரூமுக்கு எடுத்துப் போய்ச் சாப்பிடுகிறாய் என்று போன வாரம் சொன்னாயே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு ஏன் என்று கேட்டாய். வெயில் என்றேன்.

நாளைக்குக் காலையில் அவருக்குப் போன் போடு. அவர் நம்பரை இசக்கிசெல்வி இந்தக் கடிதத்தோடு அனுப்புவாள். எடுத்ததும் கத்துவார், அது அவர் சுபாவம். கத்தி முடிக்கும்வரை போனை வைத்துவிடாதே. குரல் நடுங்கினால் நடுங்கட்டும், அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல். நான் பக்கத்தில் இருந்து போனை வாங்கிப் பேச மாட்டேன். உனக்காக நான் பேசினதெல்லாம் போதும்.

உன்னால் முடியவே முடியாது என்றால் அதற்காகவும் நான் உன்னைக் கோபிக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு நானும் வாசற்படி இறங்குவேன், அவ்வளவுதான். எங்கே போவது என்று இன்னும் தெரியவில்லை.

மைனாவுக்காக என்னைத் திட்ட வேண்டும் என்றால் அதையும் வாய்விட்டுத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

வல்லக்கோட்டையான் நாளைக்கு உன் நாக்கில் வந்து உட்காரட்டும். நீ யாருக்கும் பயப்படாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், என் தங்கமே.

உன் போனுக்காகக் காத்திருக்கும்,
அத்தை இந்திராணி