செல்வம் விசாரித்த வண்டி

சனிக்கிழமை இரவு, செங்கம் ரோடு அறை.

பெண்ணாக மாறிய பிறகு தனியாக பைக்கில் கிளம்பிய முதல் பயணம் இது. மாலையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், என் பள்ளித்தோழன் செல்வம் வண்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். டேங்கில் இருக்கும் நசுங்கல், ஓட்டப் பழகும்போது அவன் விழுந்து உண்டாக்கியது.

"இது என் ஃப்ரெண்டு முரளி வண்டிங்க. உங்களுக்கு வித்துட்டானா?"

முரளி என்பது என் பழைய பெயர். உண்மை வாய்வரை வந்தது. "ஆமாங்க" என்றேன்.

"எப்படி இருக்கான்? போன் பண்ணா எடுக்கறதே இல்ல."

"நல்லா இருக்காருங்க."

"கீழ்பென்னாத்தூர் பக்கம் வந்தா வீட்டுக்கு வரச் சொல்லுங்க. எங்கம்மா கேட்டுனே இருக்காங்க."

தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். "இருட்டறதுக்குள்ள பத்திரமா போயிடு" என்றான்.

போயிடுங்க என்று சொல்லவில்லை. வாய் தவறிவிட்டதா, அடையாளம் தெரிந்துவிட்டதா? தெரிந்திருந்தால் எனக்குச் சந்தோஷமா, பயமா? அதுவும் பிடிபடவில்லை. படுத்தாலும் அந்த ஒரு வார்த்தைதான் காதில் நிற்கிறது.

அவன் நம்பர் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. கூப்பிட்டால், யார் பேசுவதாகச் சொல்வது?