மூட்டத்தில் சிவந்த மணிகள்

அக்டோபர் 14, திங்கள்

பார்சல் வந்துவிட்டது. ஒரு கிலோ புலிக்கண் கல், உருட்டி வழவழப்பாக்கியது. கொண்டுவந்தவர், "என்னம்மா, ஜல்லியா வாங்கிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஜல்லியாம்!

தாம்பாளத்தில் தண்ணீர் விட்டுக் கொட்டினேன். பழுப்பும் மஞ்சளுமாக, ஒன்று போல ஒன்று இல்லை. கையில் எடுத்துச் சாய்த்தால் கல்லுக்குள் ஒரு வெளிச்சக் கோடு அந்தப் பக்கம் நகர்கிறது. திருப்பிச் சாய்த்தால் திரும்பி வருகிறது. எட்டு வருஷமாகக் கல் கோத்து விற்கிறேன். இன்னும் இதைப் பார்த்தால் வாயடைத்துப் போகிறது. உள்ளே யார் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்?

இவர் எட்டிப் பார்த்து, "ஒல கொதிக்குது. அதையும் கொஞ்சம் பாரு" என்றார்.

டாலருக்குப் பெரியது, கைச்சரத்துக்குச் சின்னது என்று பிரித்தேன். எனக்கென்று எதுவும் எடுக்கவில்லை. என் ஐந்தறைப்பெட்டியில் ஒரு அறையில் ஏற்கெனவே மூன்று புலிக்கண் இருக்கின்றன. அவற்றுக்கு ஈடாக ஒரு கல்லை நான் பார்த்ததில்லை. யார் கேட்டும் கொடுத்ததில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

கூத்தாநல்லூர் போய்வந்தேன். ஜன்னத் பீவி அக்காவின் துணிக்கடையில்தான் என் சரக்கு இருக்கிறது. கண்ணாடிப் பெட்டி பாதி காலி. ஒரு பெண் புலிக்கண் டாலரைக் காட்டி எந்த ராசிக்கு ஆகும் என்று கேட்டாள். "போட்டா அழகா இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. வாங்கிப் போனாள்.

கிளம்பும்போது அக்கா தன் தஸ்பீஹைக் கொடுத்தார், தொழுதுவிட்டு ஓதி எண்ணும் மணிமாலை. நூல் அறுந்துவிட்டது. வீட்டுக்காரர் மீரா சாகிப் ஜித்தாவிலிருந்து கொண்டுவந்தது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. முப்பத்து மூன்று புலிக்கண் மணிகள். கடைந்த உருண்டை இல்லை. உருட்டிய கல்லில் துளை போட்டவை, ஒவ்வொன்றும் ஒரு வடிவம்.

நவம்பர் நாலாம் தேதி அக்கா மக்காவுக்கு உம்ரா யாத்திரை கிளம்புகிறார். "கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியே போய்ச் சேந்துட்டாரு. இதையாச்சும் நான் கூட்டிட்டுப் போவணும் ஜெயா" என்றார்.

பஸ்ஸில் பையை மடியைவிட்டு இறக்கவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

மணிகளை பிஸ்கட் டின்னில் உமிக்குள் புதைத்து வைத்தேன். ஒன்றோடொன்று உரசினால் துளையின் விளிம்பு பெயர்ந்துவிடும். அம்மா கண்ணாடி வளையலை இப்படித்தான் வைப்பாள். நல்ல பட்டு நூல் மன்னார்குடியில் இல்லை. தஞ்சாவூரிலிருந்து வர வேண்டும்.

அக்டோபர் 20, ஞாயிறு

மழை, மழை. நட்ட வயலில் தண்ணீர் நிற்கிறது. இவர் மண்வெட்டியோடு வடிகாலே கதி என்று கிடக்கிறார். கொட்டகையில் கொசு மொய்க்கிறது. மாடு இரண்டும் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

நூல் வந்துச்சு. கோக்கலாம்னு டின்னைத் திறந்தா காலி. "என்னங்க, இதுல இருந்த உமி எங்க?"ன்னு கேட்டேன். "மாட்டுக்குக் கொசு அண்டாம மூட்டம் போட்டேன். வெளிய இருந்த உமி பூரா நனைஞ்சு கெடந்துச்சு"ங்கிறாரு. கரண்ட் இல்லாத இருட்டுல அப்படியே கங்கு மேல கவுத்திருக்காரு. உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை பாக்கக் கூடாதா?

ஓடினேன். ராத்திரி பூரா கனன்ற சாம்பல் இன்னும் வெதுவெதுன்னு இருந்துச்சு. கையாலயே கிளறினேன். கரி அப்பின உருண்டைங்க. மூணு வெடிச்சு சில்லு சில்லா.

என்ன திட்டினேன்னு எழுத வேண்டாம். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "இதே கல்லுல புதுசு வாங்கிக் குடுத்துடலாம். கண்டுபிடிக்கவா போறாங்க?"ன்னாரு. ஒரு நிமிஷம் எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. அதுக்குத்தான் என் மேலயே ஆத்திரமா வருது.

அக்டோபர் 22, செவ்வாய்

மனமில்லாமல் மணிகளைக் கழுவ உட்கார்ந்தேன். முதல் மணியைத் துடைத்துவிட்டு அப்படியே இருந்துவிட்டேன்.

சிவப்பு! மருதாணி நன்றாகப் பிடித்த விரல்நுனியின் சிவப்பு. ஒன்றா, இரண்டா? முப்பதும். ஜன்னல் பக்கம் சாய்த்தேன். வெளிச்சக் கோடு ஓடியது. அதே கோடு, இப்போது சிவப்புக்குள். இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாங்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இன்று உலை கொதித்தது இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை.

போனில் தேடிப் படித்தேன். கல்லுக்குள் இரும்பு இருக்கிறதாம். மெல்லச் சூடேறினால் சிவந்துவிடுமாம். கடையில் விற்கும் சிவப்புப் புலிக்கண் பெரும்பாலும் இப்படிச் சுட்டதுதானாம். கொட்டகை மூட்டத்தில், இரண்டு மாட்டுக்கு நடுவில், இது நடந்திருக்கிறது.

ஆனால் எத்தனை அழகாக இருந்து என்ன? அக்கா கொடுத்தது இது இல்லையே.

அக்டோபர் 24, வியாழன்

மூன்று மணி குறைகிறது. புதுப் பார்சலில் தேடினேன், எதுவும் சரியில்லை. பொய் எதற்கு? நாலைந்து பொருந்தும். மனசுதான் ஒப்பவில்லை.

ஐந்தறைப்பெட்டியைத் திறந்தேன்.

"அதையும் மூட்டத்துல போட்டா செவந்துடுமே?" என்றார் இவர். வேண்டாம், நடந்தது தெரியட்டும் என்றேன். தண்ணீருக்குள் பிடித்துத் துளை போட்டேன். மூன்றாவது கல்லுக்கு அழுகை வந்துவிட்டது. இவர் கேலி செய்யவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். டின், உமி, கொசு, மாடு, மூட்டம், எல்லாவற்றையும். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உமியில வெச்சிருக்கியே, அறிவிருக்கா உனக்கு?" என்றார். தஸ்பீஹை வாங்கினார். சிவப்பைப் பார்த்ததும் உதடு துடித்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தள்ள ஆரம்பித்தார். ஒரு மணி, இன்னொரு மணி. "இது சப்பையா இருக்குமே, அதான்... இது மூக்கு நீண்டது... இது அவரு பல்லால கடிச்சுப் பாத்தது, பிளாஸ்டிக்கான்னு." சிரித்தார், கண்ணீர் இறங்கியது. "எல்லாம் இருக்குடி."

நிறம் மாறியதை அந்த விரல் கண்டுகொள்ளவே இல்லை.

அப்புறம் விரல் நின்றது. "இது யாரு?"

"என்னோடதுக்கா. மூணு இருக்கு."

கண்ணைத் திறந்து அந்தப் பொன்னிறத்தைப் பார்த்தார். டீ வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன். எடுத்துப் போவாரா? கேட்கத் தைரியமில்லை.

நவம்பர் 4, திங்கள்

இந்நேரம் திருச்சியில் விமானம் ஏறியிருப்பார். போன் வரவில்லை.

நவம்பர் 9, சனி

மக்காவிலிருந்து குரல் செய்தி. பின்னால் கூட்டத்தின் இரைச்சல்.

"ஜெயா, மூணு எடத்துல வெரல் தடுக்குது. இது நம்ம ஆளு இல்லையேன்னு நின்னுடுது. நின்ன எடத்துல அல்லாகிட்ட ஒரு துஆ கேட்டுட்டுத்தான் நகர்றேன். மொதக் கல்லுக்கு உனக்கு. ரெண்டாவதுக்கு உன் வீட்டுக்காரருக்கு, பாவம், அவரத் திட்டாத. மூணாவதுக்கு யாருன்னு தெரியல. உன் மாட்டுக்குக் கேட்டுட்டேன்."

கொட்டகையில் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவரிடம் போனைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாட்டுக்குமா?" என்றார்.

ஐந்தறைப்பெட்டியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. புதுப் பார்சலில் நல்ல கற்கள் இருக்கின்றன, வைக்கலாம். வைக்கத் தோன்றவில்லை.