உம்மாவின் பாயில் இருந்து கேட்ட ஸ்பீக்கர்

இன்று காலையில் அலுமாரிக் கதவை ஒட்ட வந்த மரவேலை ஓடாவி, மரப்பசை டப்பாவைத் திறந்தார். அந்தப் புளித்த வாசம் மூக்கில் ஏறியதும் உங்களைத் திட்ட வாயெடுத்துவிட்டேன். பழக்கதோஷம். நீங்கள் மவுத்தாகி, நான் கைம்பெண்ணாகி இத்தனை காலமான பிறகும், பசை வாசம் வந்தால் ஹோல் முழுக்க மரத்தூள் கிடக்கும், என் தலையணை மெலிந்திருக்கும் என்றுதான் மனம் எண்ணுகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் தம்பி சவூதிக்குப் போன புதிது. கடிதம் எழுத அவனுக்குச் சோம்பல்; கதைத்துப் பதிந்து கசெட்டாக அனுப்பிவிடுவான். எங்கள் கசெட் ரெக்கோடரின் ஸ்பீக்கரோ கிழிந்து போயிருந்தது. ஒரே மகனின் குரலைக் கேட்க உம்மா தவித்த தவிப்பைக் கண்டு, வெளியே ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்ய இறங்கினீர்கள். தேயிலைப் பெட்டிப் பலகை எங்கிருந்தோ வந்தது. பஞ்சு என் தலையணையிலிருந்து போனது.

"உள்ளுக்குப் பஞ்சு இல்லாட்டி டின்னுக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இருக்கும் புள்ள" என்றீர்கள். என் கழுத்து வலியைப் பற்றி உங்கள் ஸ்பீக்கர் சாஸ்திரம் ஒன்றும் சொல்லவில்லை போலும்.

பெட்டி முடிந்ததும் எந்த ஸ்பீக்கரைப் போடுவது என்ற பிரச்சினை வந்தது. உங்களிடம் ஒரு பழைய ரேடியோவில் கழற்றிய புல்ரேஞ்ச் இருந்தது. ஒரே கூம்பு, எல்லாச் சத்தத்தையும் தானே தரும். தம்பி அனுப்பியது கோஆக்சியல். பெரிய கூம்பின் நடுவில் கூர்மையான சத்தத்துக்கென்று குட்டி ஸ்பீக்கர் ஒன்று குந்தியிருக்கும். காருக்குப் போடுகிற சாமான் என்று அதை நீங்கள் மதிக்கவே இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்டி, ஹோலில் கதிரையைப் பெட்டிக்கு நேரே இழுத்துப் போட்டு, வாப்பாவையும் பக்கத்தில் இருத்திக் கேட்டீர்கள்.

"இதுல ரெண்டு பேர் கதைக்கிற மாதிரி இருக்கு. புல்ரேஞ்ச்தான் ஒரு வாயால கதைக்குது" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். வாப்பாவும் தலையாட்டினார்.

உம்மா அந்தச் சபையில் இல்லை. எங்கள் ஊரில் மருமகன் பெண் வீட்டுக்குத்தான் வாழ வருவார். ஆனால் மாமி அவர் கண்ணில் படமாட்டார், அவரோடு நேரே கதைக்கவும் மாட்டார். உள்ளறையில், கைத்தறித் திரைக்கு அந்தப் பக்கம், பெட்டிக்கு ஒரு ஓரமாகப் பாயில் இருந்துதான் உம்மா கேட்டார். "உம்மாக்குக் கேக்குதாமா?" என்று என்னிடம் கேட்டீர்கள். நான் திரைக்குள் தலையை நீட்டினேன்.

"ஓம், நல்லாக் கேக்குதெண்டு சொல்லு மகள்."

நானும் அப்படியே வந்து சொன்னேன்.

ஒவ்வொரு கசெட்டுக்குப் பிறகும் குசினி அடுப்படியில் வைத்து உம்மா என்னிடம் இரகசியமாகக் கேட்பார்: "தம்பி என்ன சொன்னான்?" காது மந்தம் என்று நினைத்தேன். கடைசியில் ஒரு நாள் நானே அந்தப் பாயில் போய் இருந்து பார்த்தேன். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. போர்வைக்குள் யாரோ முனகுவது போல இருந்தது.

உங்களிடம் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. உம்மா பக்கத்து வீட்டுக்குப் போன ஒரு பகல், திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், அவருடைய பாயில் சம்மணமிட்டு அமர்ந்தீர்கள். ஹோலில் இருந்து நான் கசெட்டைப் போட்டேன். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் உள்ளேயிருந்து கேட்டீர்கள்.

"கசெட் வரத் தொடங்கின நாள்லருந்து அவவுக்கு இப்படித்தான் கேட்டதா?"

"ஓம்."

"சொல்லத் தெளிவாக்குற கூர்ச் சத்தமெல்லாம் நேர எனக்குத்தான் வந்திருக்கு. ஓரத்துக்குப் போகவேயில்ல" என்றீர்கள். பெட்டியைத் திரைப் பக்கம் திருப்பினால் வாப்பாவுக்குக் கேட்காது. அன்றைக்கே புல்ரேஞ்சைக் கழற்றி, காருக்குப் போடுகிற சாமானைப் பூட்டினீர்கள். குட்டி ஸ்பீக்கர் சத்தத்தை அகலமாக வீசுமாம். உங்கள் கதிரைக்கு அது கொஞ்சம் கரகரத்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்கள்.

அடுத்த கசெட் வந்தது. தம்பி ஸலாம் சொல்லி இரண்டு வார்த்தை கதைத்திருப்பான். திரைக்குள்ளிருந்து உம்மாவின் குரல் எழும்பியது.

"இவனுக்குத் தடிமன் புடிச்சிருக்கு! குரலப் பாருங்க, மூக்கடைச்சிருக்கு!"

நேரே இருந்த நம் மூவருக்கும் அது பிடிபடவில்லை. நீங்கள் சிரித்தீர்கள். கசெட் முடிந்ததும் திரை லேசாக அசைந்தது.

"மகன், இன்னொருக்காப் போடுங்க."

அதுவரை உம்மா உங்களோடு ஒரு சொல் கதைத்ததில்லை. பதில் சொல்லலாமா என்பது போல என்னைப் பார்த்தீர்கள். பிறகு "ஓம் மாமி" என்று எழுந்து நின்றே சொன்னீர்கள். நீங்களே எப்போதும் போடுகிற ரெக்கோடர், எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் தடுமாறினீர்கள். எனக்கு உங்கள் மீது அவ்வளவு அன்பு வந்தது. அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

இப்போது பிள்ளைகள் டெலிபோனில் முகத்தையே காட்டிக் கதைக்கிறார்கள். "கேக்குதா உம்மா?" என்றால், கேட்காவிட்டாலும் ஓம் என்று சொல்லிவிடுகிறேன். நானும் உம்மாவின் மகள்தானே. அவர்களும் சரியென்று வைத்துவிடுகிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. ஓம் என்ற சொல்லோடு விட்டுவிடாமல், வந்து இருந்து பார்த்த ஒரு மனிதரோடு நான் வாழ்ந்திருக்கிறேன். அதுவே எனக்குக் காணும்.