துலுக்கானம் அண்ணன் பக்கத்தில் அறுந்துபோன வரி

கோவில்பதாகை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ரேணுகாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், உனக்கும் மாப்பிள்ளைக்கும் சிங்கப்பூரில் ஒரு குறையும் வரக் கூடாது. அப்பா எனக்குத் தெரியாமல் மைசூர்பாகு தின்கிறார், கேட்டால் துண்டு சின்னது என்கிறார், அவரோடு மல்லுக்கட்ட எனக்கு இப்போது தெம்பில்லை. இந்தக் கடிதத்தோடு துணியில் சுற்றி கிளினிக் கம்ப்யூட்டரின் பழைய டிஸ்க் இருக்கும். பக்கத்து வீட்டு அபிஷேக் இன்று ராத்திரி விமானம் ஏறுகிறான், உன் கையில்தான் கொடுப்பேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நான் நர்ஸாக வேலை பார்க்கும் கிளினிக்கில், பழைய தமிழ் எழுத்தில் நான் தட்டி வைத்த நோயாளிகள் விவரத்தை யூனிகோடு என்கிற புது எழுத்துக்கு மாற்ற, கம்ப்யூட்டர் பார்க்கிற பையன் கிரண் வந்தான். நகல் எடு, நகலில் மாற்று, புது எழுத்து அதிக இடம் பிடிக்கும், முதலில் கட்டத்தை அகலமாக்கு என்று நீ போனில் அவனிடம் படித்துப் படித்துச் சொன்னாய். அந்தப் பயல் நேராக அசலிலேயே கை வைத்துவிட்டான். முடித்துவிட்டு, 'இன்னாம்மா, அத்தினி பேரும் கீறாங்க, எழுத்தும் பளிச்சுனு கீது, இன்னாத்துக்கு பயந்துகினு கீறீங்க' என்றான். கோணல்மாணலாக வந்திருந்தால் எல்லோரும் சந்தேகப்பட்டிருப்பார்கள், அவ்வளவு சுத்தமாக இருந்ததால்தான் நானே சரிபார்க்க உட்கார்ந்தேன். அப்பா பக்கத்தைத் திறந்தேன். சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி எல்லாம் இருக்கிறது, அவருக்கு ஆகாத ஊசியின் பெயரை மட்டும் காணோம். ஆகாத மருந்தை நான் எப்போதும் கடைசியில்தான் எழுதுவேன், நீளமாக எழுதிய எல்லார் பக்கத்திலும் கட்டத்தில் இடம் போதாமல் அந்தக் கடைசிதான் அறுந்திருக்கிறது. அப்பாவுக்கு நான் இருக்கிறேன், மற்றவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? வருகிற நோயாளிகளிடம் எந்த மருந்து ஆகாது என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்கிறேன், 'உன் கம்ப்யூட்டர்லதான் கீதே' என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். மாற்றியதைப் புது டிஸ்கில் ஏற்றிவிட்டு, பழைய டிஸ்கை அழித்துக் கண்காணிப்புக் கேமராவுக்குப் போடப் பார்த்தான் கிரண், அழிந்த எழுத்தின் தடம் அதில் இன்னும் இருக்கும் என்று நீ சொன்னது நினைவு வந்து பிடுங்கிக்கொண்டேன்.

உன்னை ஆட்டோவில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட துலுக்கானம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது, கேட்க நாதியில்லாத தனிக்கட்டை. காலில் சர்க்கரைப் புண் சீழ் வைத்துக் காய்ச்சல் கொதிக்கிறது. முன்பு ஒரு ஊசி போட்டு முகமெல்லாம் வீங்கி மூச்சு நிற்கப் பார்த்தது, எந்த ஊசி என்று மண்டையை உடைத்துக்கொண்டும் எனக்கு வரவில்லை. புது டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, ஆகாத மருந்து ஒன்றும் இல்லையே, சீழுக்கு ஊசி போட்டுவிடலாம் என்கிறார். சண்டை போட்டு வியாழக்கிழமை வரை நிறுத்தியிருக்கிறேன். அதற்கு மேல் போடாவிட்டாலும் உயிர் தங்காது என்கிறார், அதுவும் நிஜம்தான். மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக அண்ணனிடம் காட்டினேன். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றே தலையாட்டுகிறார். தண்ணீர் காட்டினாலும் அப்படித்தான் ஆட்டுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது ரேணு.

டிஸ்கை யாரையும் தொட விடவில்லை, நீயும் நகலெடுத்து நகலையே திற. திருவேற்காட்டுக் கருமாரி உன்னையும் மாப்பிள்ளையையும் மடியில் வைத்துக் காப்பாள், வேளைக்குச் சாப்பிடு. மற்றவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் துலுக்கானம் அண்ணன் பக்கத்தைத் திறந்து அந்த மருந்தின் பெயரை எனக்குப் போனில் சொல். அதற்குள் போன் வரவில்லையென்றால், வியாழக்கிழமை ஊசியைப் போட வேண்டிய கை என்னுடையதுதான்.

உன் அம்மா,
சுசீலா