ஈயம் போன அண்டா

மதினி,

இன்று காலை கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். தள்ளுவண்டிக்காரர் ஒருவர் வண்டியை நம் வாசலில் நிறுத்திவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார். வண்டி நிறையப் பன்னீர் திராட்சை. கூடலூர்ப் பக்கம் விடியக்காலையில் வெட்டியதாக இருக்கும்; காம்பு இன்னும் பச்சையாகவே இருந்தது. வெயில் ஏற ஏற அந்த வாசனை படியேறி உள்ளே வந்துவிட்டது. நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

ஆறு வருசமாக எனக்கு அந்த வாசனை ஆவதில்லை. போன வாரம்வரை ஏன் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். எங்கள் வீட்டுக்காரர், நான், நீங்கள். நீங்கள் போய் மூன்று வருசம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதை உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

போடி கடைவீதியில் உங்கள் பேன்சி ஸ்டோரும் எங்கள் பாத்திரக்கடையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்தபோது, "அண்ணன்னு எங்க வீட்டுக்காரரக் கூப்பிடுறேல்ல, அப்ப நான் மதினிதான்" என்றீர்கள். நீங்கள் வேதக்காரர்கள், நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு பேச்சிலேயே வரவில்லை. பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பானை உங்கள் வீட்டுக்கும் சேர்த்துப் பொங்கியது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் உங்கள் சபையில் கூடும் கூட்டத்துக்குத் திராட்சைச் சாறு காய்ச்ச நான் வந்தேன்.

முந்நூறு பேருக்குக் காய்ச்ச வேண்டும். அந்த வேலையை நீங்கள் செய்கிற அழகைப் பார்ப்பதற்காகவே நான் வருவேன். திராட்சையைக் காம்பு ஆய்ந்து, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் மூன்று தடவை அலசுவீர்கள். நான்காவது தடவை வெறும் தண்ணீரில். "மருந்தடிச்ச காயி தாயி, நம்ம கைக்குத் தெரியணும்" என்று ஒவ்வொரு கொத்தாக விரலால் தேய்த்துப் பார்ப்பீர்கள். பட்டை, கிராம்பு, தட்டிய சுக்கு, நம் ஊர் ஏலக்காய். தோல் வெடித்து நிறம் இறங்கியதும் வெள்ளை வேட்டியில் ஊற்றி, நீங்கள் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாக முறுக்குவோம். முழங்கைவரை ஊதா நிறம் ஏறிவிடும். கடைசியில் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவீர்கள். "நாக்குல ஒட்டணும், பல்லுல ஒட்டக்கூடாது. இன்னும் ரெண்டு எலுமிச்சம்பழம் பிழி."

அந்தக் கைப்பக்குவம் ஊருக்குள் பரவித்தான் கல்யாண வீடுகளில் உங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வாசலில் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சாறு நீங்கள் போட்டதாக இருக்க வேண்டும் என்று தேவதானப்பட்டியிலிருந்துகூட ஆள் வந்தது. அண்ணனுக்கு முதுகு வலி வந்து கடையில் அதிகம் நிற்க முடியாமல் போன சமயம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் சன்னமாகப் பாடிக்கொண்டே பொட்டலம் கட்டுவது எனக்குக் கேட்கும்.

ஆறு வருசத்துக்கு முந்தின அந்தக் கிறிஸ்துமஸுக்கும் மூன்று எவர்சில்வர் டிரம் தருவதாக நான்தான் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை கூட்டம், வெள்ளிக்கிழமை மத்தியானம் சாறு காய்ச்ச வேண்டும். வெள்ளிக்கிழமை காலை சின்னமனூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்தார்கள். அவர்கள் கேட்ட அளவில் இருந்தது உங்களுக்கென்று எடுத்து வைத்த மூன்றில் ஒரு டிரம்தான். விற்றுவிட்டேன். அதற்குப் பதிலாக, பழைய பாத்திரம் மாற்ற வந்த யாரோ போட்டுவிட்டுப் போன பித்தளை அண்டாவை எடுத்து வந்தேன். வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே ஈயம் போய் மஞ்சளாகத் தெரிந்தது. அதை நான் பார்த்தேன், மதினி. பாத்திரக்கடைக்காரி நான். ஈயமில்லாத பித்தளையில் புளிப்பை ஊற்றினால் களிம்பு இறங்கி விஷமாகும் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற வாய் இது.

"மூணும் எவர்சில்வர்தான தாயி?" என்று அடுப்படியிலிருந்து கேட்டீர்கள்.

"ஆமா மதினி" என்றேன்.

சாயங்காலம் கடையிலிருந்து வேறு ஏதாவது பாத்திரம் கொண்டுவந்து மாற்றிவிடலாம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். நீங்கள் ஐஸுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போயிருந்தபோது கடைசிப் பங்கை அண்டாவில் ஊற்றி, துணி போட்டு அடிவரை மூடி, ஓரமாக வைத்தேன். சாயங்காலம் கடையில் கூட்டம். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஞாபகம் வந்தது. ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் கூட்டத்தில் முன்னால் இருந்த இரண்டு டிரம்மிலிருந்தும் நீங்கள் ஊற்றிக் கொடுத்தீர்கள். பின்னால் இருந்த அண்டாவை யாரையும் தொடவிடாமல் நானே நின்று மொண்டு கொடுத்தேன். ஊற்றுமுன் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நாக்கின் ஓரத்தில் ஒரு மாதிரி இழுத்தது. கிராம்பு தூக்கலாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரியவர்கள் முதல் பந்தியிலேயே குடித்து முடித்திருந்தார்கள். இரண்டாவது கிளாஸுக்கு வந்தது பிள்ளைகள்.

கால் மணி நேரத்தில் முதல் பிள்ளை வாந்தி எடுத்தது. பிறகு வரிசையாக. பதினான்கு பிள்ளைகள். ஆட்டோவிலும் ஜீப்பிலுமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மற்றவர்கள் பொழுது சாய்வதற்குள் தெளிந்துவிட்டார்கள். டெய்லர் கடை ஜெபாவின் மகள் மட்டும் தெளியவில்லை. நாலு வயசுப் பிள்ளை, மூன்று கிளாஸ் குடித்திருந்தது. தேனிக்கு எடுத்துப் போனார்கள். நீங்களும் நானும் எங்கள் வீட்டுக்காரரும் கூடவே போனோம்.

டாக்டர் வந்து, "என்ன குடுத்தீங்க, எதுல செஞ்சீங்க, எல்லாத்தயும் சொல்லுங்க" என்று கேட்டார். நான் உங்களுக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். வாயைத் திறக்கத்தான் போனேன். எங்கள் வீட்டுக்காரர் பின்னாலிருந்து என் முழங்கையைப் பிடித்தார். "பேசாம இரு. மகளுக்கு இப்பத்தான் பேசி முடிச்சிருக்கு. கடை பேரு போச்சுன்னா எல்லாம் போச்சு" என்று காதோடு சொன்னார். அவர் சொன்னதால் நிறுத்தினேன் என்று பல வருசம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பிடி அவ்வளவு இறுக்கமாக இல்லை.

நீங்கள்தான் பேசினீர்கள். "திராட்சைய நான்தான் சார் கழுவுனேன். மருந்து சரியாப் போகலையோ என்னமோ."

இரண்டு நாள் அந்தப் பிள்ளை கண் திறந்து திறந்து மூடியது. இரண்டு நாளும் மருந்தடித்த திராட்சை என்று நினைத்துத்தான் பார்த்தார்கள். பித்தளை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டது. ஜெபா உங்கள் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்கு மறுநாள் டிரம்களையும் அண்டாவையும் நீங்களே தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். அண்டாவை உள்ளேயும் வெளியேயும் புளி போட்டுத் தேய்த்திருந்தீர்கள். என் முன்னால் இறக்கி வைத்துவிட்டு, "இத யாருக்கும் குடுக்காத தாயி. ஈயம் பூசிக் குடு" என்றீர்கள். அவ்வளவுதான். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"சரி மதினி" என்றேன்.

அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்வேன் என்று நின்றீர்களா, என் மகள் கல்யாணத்தை நினைத்து நின்றீர்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உங்களுக்குக் கல்யாண வீட்டு அழைப்பு அதோடு நின்றது. சபையில் அடுத்த வருசத்திலிருந்து பாட்டில் கூல்டிரிங்க்ஸ் வாங்கினார்கள். நீங்கள் ஆராதனையில் பின் வரிசைக்குப் போய்விட்டதாக ஜெபாவே வந்து என்னிடம் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு கேட்கவில்லை. ஆனால் என்னிடம் நீங்கள் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. என் மகள் கல்யாணத்தில் முதல் ஆளாக வந்து பந்தி விசாரித்தீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் கடைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டேன்.

உங்களுக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்து, வீட்டோடு படுக்கையாக இருந்தபோது ஒரு மத்தியானம் வந்தேன். அண்ணன் கடையில் இருந்தார். சாத்துக்குடியை உரித்துக்கொண்டே, "மதினி, அந்த அண்டா விசயம்" என்று ஆரம்பித்தேன்.

கையைத் தூக்கி நிறுத்தினீர்கள். அந்தக் கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்திருந்தது. "என்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? எனக்குத்தான் தெரியுமே. அங்கன, சபையில போயிச் சொல்லு."

கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு எலுமிச்சம்பழம் பிழி என்கிற அதே குரலில் சொன்னீர்கள்.

சொல்கிறேன் என்றேன். இருபது நாளில் நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் இரண்டு பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "நல்ல பொம்பள. அந்த ஒரு கிறிஸ்துமஸ்லதான் கவனக்குறைவா இருந்துட்டாக." நான் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

இந்த வருசம் புதிதாக வந்திருக்கிற பாஸ்டரம்மா கடைக்கு வந்தார். "பாட்டில் எல்லாம் வேணாம்மா, பழையபடி திராட்சைச் சாறு காய்ச்சலாம்னு பேசிருக்கோம். நீங்கதான் கூட இருந்தீங்களாமே. பாத்திரமும் குடுத்து, நீங்களே முன்ன நின்னு செஞ்சு குடுக்கணும்" என்றார். பக்கத்தில் நின்ற எங்கள் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டினார். நான், "ஞாயித்துக்கெழம வந்து பேசுறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் இருபது பேர் போல ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபாவும் இருந்தாள். அவள் மகளுக்கு இப்போது பத்து வயசு. வெளியே ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தது. நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். டிரம்மை விற்றது, அண்டாவை எடுத்து வந்தது, உங்களிடம் பொய் சொன்னது, டாக்டர் கேட்டபோது வாய் திறக்காமல் நின்றது. எதையும் விடவில்லை. திராட்சையில் எந்தக் குறையும் இல்லை, மதினி நான்கு தடவை அலசினார் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

பிறகு ஜெபா கேட்டாள். "ரெண்டு நாளும் டாக்டர் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நீங்க அங்கனதான இருந்தீக?"

"இருந்தேன்."

"எனக்குக் காப்பி வாங்கிட்டு வந்து குடுத்தீக."

"ஆமா."

அவள் எழுந்து வெளியே போய் மகளை ஊஞ்சலிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள். பாஸ்டரம்மா, பாத்திரம் வேறு இடத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்று மெதுவாகச் சொன்னார். உங்கள் பக்குவத்தை மட்டும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் கூட்டத்தில் உங்கள் பேரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லப்போவதாகச் சொன்னார். என்னை வரச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்காரர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. கடைவீதியில் ஆட்கள் எங்கள் போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் நடக்கிறார்கள். இருக்கட்டும்.

அங்கிருந்து நேரே அண்ணனைப் பார்க்கத்தான் போனேன். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஊர் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் என் வாயால் கேட்கட்டும் என்று நினைத்தேன். இத்தனை நாள் நீங்கள் அவரிடமாவது சொல்லியிருப்பீர்கள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் தலைகுனிந்ததுகூட அதனால்தான்.

முழுவதும் கேட்டார். முடித்ததும், "அவ எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றார்.

பிறகு என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார்.

"நானும் அவளத்தான் ஏசினேன். கழுவத் தெரியாதவளுக்கு ஊர் வேல எதுக்குன்னு பேசினேன். அந்த வருசத்துக்குப் பெறகு அவ போட்டுக் குடுக்குற டீயக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பேன். கேலியாத்தான் ஆரம்பிச்சேன். பெறகு பழக்கமாயிருச்சு. எதுத்தாப்புல நின்னு பாத்துக்கிட்டே இருப்பா." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல."

எனக்குப் போய்வருகிறேன் என்று சொல்லவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை.

உங்கள் பேரை மீட்டுக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன் மதினி. சபையில் அது ஓரளவு நடக்கும். வீட்டுக்குள் மூன்று வருசம், தினம் இரண்டு வேளை, உங்கள் கையால் போட்ட டீயை ஒருவர் மோந்து பார்த்ததை நான் எங்கே போய்ச் சொல்லித் தீர்ப்பேன்? ஒரே வார்த்தையில் நீங்கள் அதை நிறுத்தியிருக்கலாம். அது நான் சொல்ல வேண்டிய வார்த்தை என்று நீங்கள் எடுக்காமலே விட்டுவிட்டீர்கள்.